நோயாளி வருமுன்னே வைரஸைத் தேடுவது எப்படி: சதுப்புநிலக் கொசுவும் பறவையும்

கேள்வி இதுதான்: 2023 ஜூலையில் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம்ஷயரில் பிடித்த கொசுக்களில் வெஸ்ட் நைல் வைரஸின் மரபுத் துண்டுகள் இருந்ததாக 2025 மே மாதம் அறிவித்தார்கள். அதனால் அங்கே நோயுற்றவர் ஒருவர்கூட இல்லை. அப்படியிருக்க எதைத் தேடினார்கள், எப்படித் தேடினார்கள்? பறவையில் தேடுவது நல்லதா, கொசுவிலா? நம் ஊர் ஏரிகளில் ஒரு கல்லூரிக் குழு இதைச் செய்ய முடியுமா?

நோயாளி வரும்வரை காத்திருந்தால் ஏன் ஆகாது என்பதிலிருந்து தொடங்குகிறேன். வெஸ்ட் நைல் வைரஸ் தொற்றியவர்களில் ஏறத்தாழ 80 சதவீதம் பேருக்கு எந்த அறிகுறியும் இருக்காது. மற்றவர்களுக்குப் பெரும்பாலும் சாதாரணக் காய்ச்சல்தான். மூளையையும் நரம்பையும் தாக்குவது சுமார் 150 பேரில் ஒருவருக்கு. மூளைக்காய்ச்சலோடு முதல் ஆள் மருத்துவமனைக்கு வரும்போது, தொற்று வாங்கிய பலர் ஒன்றும் தெரியாமல் நடமாடிக்கொண்டிருப்பார்கள். அவர்களில் சிலர் ரத்ததானமும் செய்திருப்பார்கள். வைரஸ் உண்மையில் வாழ்வது பறவைக்கும் கொசுவுக்கும் இடையில். மனிதரும் குதிரையும் முட்டுச்சந்து: நோய் வரும், ஆனால் நம் ரத்தத்தில் வைரஸின் அளவு அடுத்த கொசுவுக்குத் தொற்றும் அளவுக்கு ஏறாது. எனவே தேட வேண்டியது அந்தச் சுழற்சிக்குள்.

பறவையா கொசுவா என்றால் இரண்டும் வேண்டும். அதுவும் ஒரே இடத்தில், ஒரே வாரங்களில். இரண்டும் சொல்லும் சேதி வேறு வேறு. வைரஸ் இந்த வட்டாரத்துக்கு வந்துவிட்டதா என்பதைப் பறவை சொல்லும். இங்கேயே கைமாறிக்கொண்டிருக்கிறதா, எந்த இனக் கொசு வழியாக, எவ்வளவு வேகத்தில் என்பதைக் கொசு சொல்லும். இதற்கு நெதர்லாந்தில் 2020-ல் நடந்ததைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. அங்கே பறவைகளின் காலில் எண்ணிட்ட வளையமிடும் தன்னார்வலர்கள் பிடித்த பறவையின் தொண்டையிலும் மலவாயிலும் பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பிவந்தார்கள். ஆகஸ்ட் 22 அன்று உட்ரெக்ட் அருகே பிடிபட்ட காமன் வைட்த்ரோட் என்ற சின்னஞ்சிறு குருவி ஒன்றில் வெஸ்ட் நைல் வைரஸ் இருந்தது. இது குளிர்காலத்தில் ஆப்பிரிக்கா போய்வரும் பறவை. அங்கிருந்து தொற்றோடு வந்திருக்கலாமே என்ற சந்தேகம் நியாயம்தான். ஆனால் அதே வளைய எண் கொண்ட அதே பறவை வசந்தத்தில் அதே இடத்தில் பிடிபட்டு, வைரஸ் இல்லை என்று பதிவாகியிருந்தது. ஒரு வாரம் கழித்து மூன்றாம் முறை பிடிபட்டபோது வைரஸ் போய், அதை எதிர்த்து உடல் உருவாக்கும் எதிர்ப்பொருள் வந்திருந்தது. உடனே அந்த இடத்தில் பிடித்த கியூலெக்ஸ் கொசுக்களைச் சோதித்தார்கள், அவற்றிலும் இருந்தது. அக்டோபரில் மனிதர்களிலும் தெரியவந்தது. ஆனால் அவர்களுக்குத் தொற்று ஏற்பட்டது ஜூலை, ஆகஸ்ட் மாதங்களிலேயே. காரணம் தெரியாத மூளைக்காய்ச்சல் என்று மூடப்பட்டிருக்கக்கூடிய நோயாளிகளை மருத்துவர்கள் வெஸ்ட் நைலுக்காகச் சோதித்துப் பார்த்தார்கள் என்றால், அந்தக் குருவி கொடுத்த துப்பு அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

இனி வேலைக்கு வருவோம். கொசுவிலிருந்தே தொடங்கலாம், ஏனென்றால் பெரும்பாலான தவறுகள் அங்கேதான்.

எந்தப் பொறியை வைக்கிறீர்களோ அதற்கேற்ற கொசுதான் விழும். அதிகம் புழங்குவது சி.டி.சி. விளக்குப்பொறி: சின்ன பல்பு, கீழ்நோக்கி இழுக்கும் மின்விசிறி, அடியில் வலைப்பை, 6 வோல்ட் பேட்டரி. விளக்கு மட்டும் இருந்தால் அந்துப்பூச்சியும் வண்டும்தான் நிறையும். கொசுவை வரவழைப்பது கார்பன் டை ஆக்சைடு. அதற்காகப் பக்கத்தில் துளையிட்ட தெர்மாகோல் டப்பாவில் ஒரு கிலோ முதல் ஒன்றரைக் கிலோ டிரை ஐஸ் (உறைந்த கார்பன் டை ஆக்சைடு) தொங்கவிடுவார்கள், ஓரிரவுக்குப் போதும். இப்படி வருவது ரத்தம் தேடி அலையும் பெண் கொசு. அவற்றில் பெரும்பகுதி இன்னும் ஒருமுறைகூடக் கடிக்காதவை, அதாவது வைரஸ் இருக்க வாய்ப்பு மிகக் குறைந்தவை.

வைரஸைப் பிடிப்பதே நோக்கமானால் முட்டையிட வரும் கொசுவைப் பிடிக்கும் கிராவிட் பொறிக்கு மதிப்பு அதிகம். கறுப்புத் தொட்டியில் ஊறல் நீர், அதன் மேல் மின்விசிறிக் குழாய், அவ்வளவுதான். ஒரு பெரிய வாளி நீரில் இரண்டு கைப்பிடி வைக்கோலும் சிறிது ஈஸ்ட்டும் போட்டு மூடி, 5 முதல் 7 நாள் புளிக்கவிட்டால் கியூலெக்ஸுக்குப் பிடித்த நாற்றம் வரும். முட்டையோடு வருகிறது என்றாலே அது ஏற்கெனவே ஒரு விலங்கையோ பறவையையோ கடித்து, அதைச் செரிக்கும் அளவுக்கு நாள் வாழ்ந்த கொசு. எனவே எண்ணிக்கை குறைந்தாலும் தொற்றுள்ளது கிடைக்கும் வாய்ப்பு கூடுதல். ஆனால் இந்தப் பொறியில் வெள்ளநீர்க் கொசுவான ஈடிஸ் வெக்ஸான்ஸ் வராது. அது ஈரமண்ணில் முட்டையிட்டு, வெள்ளம் ஏறும்போது ஒட்டுமொத்தமாகப் பொரிக்கும் இனம். இங்கிலாந்தில் வைரஸ் துண்டு கிடைத்தது அதில்தான். சதுப்புநிலத்தில் கிராவிட் பொறியை மட்டும் வைத்திருந்தால் அதைத் தவறவிட்டிருப்பார்கள்.

வைக்கும் இடமும் முக்கியம். பறவையைக் கடிக்கும் கியூலெக்ஸ், நாணலின் ஓரத்திலும் பறவைகள் இரவு அடையும் மரத்தடியிலும் திரியும். வெட்டவெளியில், காற்று அடிக்கும் கரையில் தொங்கவிட்டால் வாசனையும் போகும், கொசுவும் வராது. தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரம் வழக்கம். வசதியிருந்தால் இன்னொன்றை மரக்கிளை உயரத்துக்கு ஏற்றுங்கள். பொழுது சாயும் முன் ஓடவிட்டு, விடிந்த கையோடு எடுத்துவிட வேண்டும்.

காலையில் பொறிக்குப் போகிறவர் முதலில் செய்ய வேண்டியது, மின்விசிறி ஓடிக்கொண்டிருக்கும்போதே வலைப்பையின் கழுத்தைக் கட்டுவது. விசிறியை முதலில் நிறுத்தினால் உள்ளே இருப்பவை மேலேறித் தப்பிவிடும். பையைக் கழற்றும் முன் தொங்கும் கயிற்றைப் பாருங்கள். எறும்புச்சாரை ஏறியிருந்தால் பைக்குள் கால்களும் இறகுகளும்தான் மிஞ்சும். இனம் கண்டுபிடிக்க முடியாது. கயிற்றில் ஒரு சாண் நீளத்துக்கு கிரீஸ் தடவிவைத்தால் இந்தத் தொல்லை இல்லை. பிறகு விசிறியைக் கவனித்துச் சுழற்சி மந்தமாக இருக்கிறதா, நின்றுபோயிருக்கிறதா என்று குறிக்க வேண்டும். பேட்டரி நள்ளிரவில் செத்த பொறியில் கொசு இல்லை என்றால் அது பூஜ்ஜியம் அல்ல. அது தவறிய இரவு. படிவத்தில் இரண்டுக்கும் தனித்தனிக் கட்டம் இல்லாத திட்டங்களின் தரவை ஆண்டிறுதியில் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடிவதில்லை.

பையை உயிருள்ள கொசுக்களோடு ஈரத்துணி சுற்றிக் குளிர்ப்பெட்டியில் வைத்துக் கொண்டுபோக வேண்டும், அல்லது டிரை ஐஸ் மேல் வைத்து அங்கேயே கொன்றுவிட வேண்டும். இடைப்பட்ட நிலைதான் ஆபத்து: செத்த கொசு அறை வெப்பத்தில் பாதி நாள் கிடந்தால் வைரஸின் மரபுப்பொருளான ஆர்.என்.ஏ. சிதையத் தொடங்கும். உறைந்ததை உருகவிட்டு மீண்டும் உறையவைப்பது அதைவிட மோசம். கண்ணாடி ஏற்றிய காரில் டிரை ஐஸ் ஏற்றிக்கொண்டு போகாதீர்கள். அதிலிருந்து கிளம்புவது ஆளை மயக்கிக் கொல்லக்கூடிய வாயு.

ஆய்வகத்தில் குளிர்மேசைமேல் உருப்பெருக்கியின் கீழ் இனம் பிரிப்பார்கள். ஆண்களை ஒதுக்கிவிடுவார்கள், அவை கடிப்பதில்லை. பெண்களை இனம், இடம், தேதி மூன்றும் ஒன்றாக இருக்கும்படி சிறு தொகுதிகளாகக் குழாயில் போடுவார்கள். ஒரு தொகுதியில் 10, 25, அதிகபட்சம் 50. வயிறு சிவந்து ரத்தம் நிறைந்த கொசுவை இவற்றோடு சேர்க்கவே கூடாது. அதன் வயிற்றில் இருப்பது நேற்றிரவு கடித்த பறவையின் வைரஸாக இருக்கலாம். கொசுவுக்குத் தொற்றியிருக்கிறது என்று பொருள் இல்லை. அவற்றைத் தனித்தனியாக வைத்தால் வேறொரு பயன் உண்டு: ரத்தத்தின் மரபணுவைப் படித்து எந்தப் பறவையைக் கடித்தது என்று சொல்லிவிடலாம்.

தொகுதிக் குழாயில் குளிர்ந்த ஊடகமும் சிறு மணிகளும் போட்டு அரைத்து, சுழற்றித் தெளியவைத்து, ஆர்.என்.ஏ. பிரித்து, அதைச் சுற்றுச் சுற்றாகப் பெருக்கிக் காட்டும் ஆர்.டி.பி.சி.ஆர். சோதனையை ஓட்டுவார்கள். இந்தக் கட்டத்தில் வரும் பெரிய கேடு பொய் நேர்மறை, அதாவது இல்லாத வைரஸை இருப்பதாகக் காட்டுவது. ஆய்வகத்தில் ஒப்பீட்டுக்காக வைத்திருக்கும் வைரஸ் மாதிரியின் ஒரு துளி தெறித்தாலே போதும். அதனால் வெறும் நீரை ஒரு மாதிரிபோலவே எல்லாக் கட்டத்திலும் கூட்டிப்போக வேண்டும். நேர்மறை வந்தால் மிச்சமிருக்கும் அரைப்பிலிருந்து ஆர்.என்.ஏ.-வை மறுபடி பிரித்து, வைரஸின் வேறொரு மரபணுப் பகுதியைக் குறிவைத்துச் சோதிக்க வேண்டும். கடைசியாக அதன் மரபணு எழுத்துகளை வரிசைப்படுத்திப் பார்க்க வேண்டும். 35 சுற்றுகளுக்கு மேல் போன பிறகு மெலிதாக எழும் சமிக்ஞையை மட்டும் வைத்துச் செய்தி கொடுப்பது பொறுப்பற்ற செயல். உயிருள்ள வைரஸ் இருக்கிறதா என்று அறிய வேண்டுமானால் செல்களில் வளர்க்க வேண்டும். அதற்கு மூன்றாம் நிலைப் பாதுகாப்பு ஆய்வகம் வேண்டும். “துண்டுகள் கிடைத்தன” என்று இங்கிலாந்தில் கவனமாகச் சொன்னதற்குக் காரணம் இந்த வேறுபாடுதான்.

எண்ணிக்கை பற்றிக் கொஞ்சம் பொறுமையாகச் சொல்கிறேன். இதில்தான் பலர் சறுக்குகிறார்கள். வழக்கமான அளவுகோல், நேர்மறைத் தொகுதிகளை மொத்தக் கொசு எண்ணிக்கையால் வகுத்து ஆயிரத்தால் பெருக்குவது. 50 கொசு கொண்ட 40 தொகுதிகள், அதாவது 2,000 கொசுக்கள். 3 தொகுதி நேர்மறை என்றால் ஆயிரத்துக்கு 1.5. ஒரு தொகுதியில் ஒரு கொசுதான் தொற்றுள்ளது என்று இது எடுத்துக்கொள்கிறது. நோய் உச்சத்தில் பாதித் தொகுதிகள் நேர்மறையாக வரும்போது இந்தக் கணக்கு உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். அப்போது தொகுதியின் அளவைச் சுருக்குவதே நல்லது. இந்த விகிதத்தை ஒரு பொறிக்கு ஓரிரவில் விழும் கொசு எண்ணிக்கையோடு பெருக்கினால் இன்னும் பயனுள்ள எண் கிடைக்கும். பொறிக்கு 200 கொசு, ஆயிரத்தில் 2 தொற்று என்றால் 0.4. விகிதம் அப்படியே இருந்து கொசு மட்டும் ஐந்து மடங்கானால் ஆபத்தும் ஐந்து மடங்கு என்பதை இந்த எண்தான் காட்டும்.

“ஒன்றும் கிடைக்கவில்லை” என்பதற்கும் கணக்கு உண்டு. ஆயிரத்தில் ஒரு கொசுவுக்குத் தொற்று இருக்கும் இடத்தில், அதை 95 சதவீத உறுதியோடு கண்டுபிடிக்கச் சுமார் 3,000 கொசுக்களைச் சோதிக்க வேண்டும். 300-ஐச் சோதித்துவிட்டு வைரஸ் இல்லை என்று எழுதினால், நூற்றுக்கு ஒன்றுக்கு மேல் இல்லை என்று மட்டுமே பொருள். அது கடுமையான பரவலைக்கூட மறைத்துவிடும் அளவு.

வெப்பத்தையும் பதிவு செய்யுங்கள். கொசு வைரஸைக் குடித்ததிலிருந்து அதன் உமிழ்நீருக்கு வைரஸ் வந்துசேர, 28 முதல் 30 டிகிரி வெப்பத்தில் ஒரு வாரம் அளவில் ஆகும். 18 டிகிரியில் மூன்று வாரத்துக்கு மேல். அதற்குள் பெரும்பாலான கொசு செத்துவிடும். வட ஐரோப்பாவில் இந்த வைரஸ் இவ்வளவு காலம் காலூன்றாததற்கும், வெப்பமான கோடைகளுக்குப் பின் ஏறிவருவதற்கும் இது பெரும் காரணம்.

பறவை விஷயத்தில் செத்த பறவை, உயிருள்ள பறவை என்று இரண்டு வழிகள். செத்த பறவை மலிவான, கூர்மையான வழி. ஆனால் எல்லாப் பறவையும் சாவதில்லை. அமெரிக்காவில் காகங்கள் மடிந்தன. ஜெர்மனியில் 2018-ல் முதலில் தென்பட்டது உயிரியல் பூங்காவில் இறந்த ஒரு பெரிய சாம்பல் ஆந்தையில். வெஸ்ட் நைலின் உறவுக்கார வைரஸான உசுட்டு, பிளாக்பேர்டுகளைக் கொல்கிறது. வியன்னாவில் 2001-லும் லண்டனில் 2020-லும் அதை அடையாளம் கண்டது இறந்த பிளாக்பேர்டுகள் வழியாகத்தான். பொதுமக்கள் தகவல் தரும் ஏற்பாடு இருந்ததால்தான் அது முடிந்தது. செத்து 24 மணி நேரத்துக்குள் கிடைத்தால் மூளை, ஈரல், மண்ணீரல், சிறுநீரகம் எடுப்பார்கள். கண் குழிவிழுந்து புழு வைத்துவிட்டால் உள்ளுறுப்புகளுக்குப் பயனில்லை. அப்போது முளைக்கும் இறகின் தண்டைப் பிடுங்கிப் பார்ப்பது கடைசி முயற்சி. கையுறை இல்லாமல் தொடாதீர்கள். பறவைக் காய்ச்சலும் அதே உடலில் இருக்கலாம்.

உயிருள்ள பறவையில் வைரஸ் ரத்தத்தில் இருப்பது ஒரு வாரத்துக்கும் குறைவு. உட்ரெக்ட் குருவியைப்போலச் சரியான நாளில் வலையில் விழுவது அரிது. ஆனால் எதிர்ப்பொருள் மாதக்கணக்கில், சிலவற்றில் ஆண்டுக்கணக்கில் நிற்கும். அதனால் பஞ்சுக்குச்சியோடு சிறிது ரத்தமும் எடுப்பார்கள். உடல் எடையில் நூற்றில் ஒரு பங்கு என்பது உச்சவரம்பு: 15 கிராம் குருவிக்கு 0.15 மில்லிலிட்டர். அதற்கும் குறைவாக எடுப்பதே முறை. பறவை பிடிக்கும் மெல்லிய வலையான மிஸ்ட் நெட்டை அரை மணிக்கு ஒருமுறையாவது சுற்றிப்பார்க்க வேண்டும், வெயில் ஏறினால் இன்னும் அடிக்கடி. மழையில் வலையே கட்டக்கூடாது. வாய் திறந்து மூச்சிரைக்கும் பறவையை மாதிரி எடுக்காமல் விட்டுவிடுங்கள். ஒரு மாதிரி போனால் போகட்டும்.

எதிர்ப்பொருள் கிடைத்தால் பறவையின் வயதைப் பாருங்கள். வலசை வரும் முதிர்ந்த பறவை அதை எந்தக் கண்டத்திலிருந்தும் கொண்டுவந்திருக்கலாம். இந்த ஆண்டு இங்கேயே பொரித்து, தாயிடமிருந்து பெற்ற எதிர்ப்பொருள் தீரும் சில வாரங்களைத் தாண்டிய குஞ்சில் கிடைத்தால் அது உள்ளூர்த் தொற்று. வயது குறிக்காத சீரம் (ரத்தத்தின் தெளிந்த நீர்) மாதிரி பாதி மதிப்பை இழக்கிறது.

இன்னொரு சிக்கல், இந்தக் குடும்பத்து வைரஸ்களின் எதிர்ப்பொருள்கள் ஒன்றைப்போல் ஒன்று காட்டும். 1999-ல் நியூயார்க்கில் மனிதர்களுக்கு வந்த மூளைக்காய்ச்சலை எதிர்ப்பொருள் சோதனையை வைத்து முதலில் செயின்ட் லூயிஸ் மூளைக்காய்ச்சல் என்றே அறிவித்தார்கள். அதே நேரத்தில் காகங்கள் விழுந்துகொண்டிருந்தன. பிராங்ஸ் உயிரியல் பூங்காவில் பூநாரைகள் செத்தன. செயின்ட் லூயிஸ் வைரஸ் பறவைகளைக் கொல்வதில்லையே என்று பூங்காவின் நோயியலாளர் டிரேசி மெக்னமாரா விடாமல் கேட்டார். அவர் அனுப்பிய பறவைத் திசுக்கள்தான் அது அமெரிக்கா அதுவரை கண்டிராத வெஸ்ட் நைல் என்று காட்டிக்கொடுத்தன. அந்த ஆண்டு 62 பேர் நோயுற்றார்கள், 7 பேர் இறந்தார்கள். எலைசா என்ற எதிர்ப்பொருள் சோதனை சல்லடை மட்டுமே. எந்த வைரஸ் என்று சொல்ல, உறவுக்கார வைரஸ்கள் அனைத்தையும் பக்கத்தில் வைத்து, சீரம் எதை முடக்குகிறது என்று பார்க்கும் நடுநிலையாக்கச் சோதனை செய்ய வேண்டும். ஒன்றுக்கு மற்றதைவிட நான்கு மடங்காவது எதிர்வினை கூடியிருந்தால்தான் பெயர் சூட்டலாம்.

இப்போது நாட்டிங்ஹாம்ஷயர் செய்தியைப் படித்தால் புரியும். ஐடில் ஆற்றோரச் சதுப்பில், காம்ஸ்டன் அருகே பிடித்த ஈடிஸ் வெக்ஸான்ஸ். 200 மாதிரித் தொகுதிகளில் 2-ல் துண்டுகள், 198-ல் இல்லை. ஈடிஸ் வெக்ஸான்ஸ் பெரும்பாலும் பாலூட்டிகளைக் கடிப்பது. எனவே அது எப்போதாவது தொற்றுள்ள பறவையைக் கடித்திருக்கிறது, வைரஸ் அந்த நாட்டுக்குள் நுழைந்திருக்கிறது என்ற அளவுக்கு இது சான்று. பறவைக்கும் கொசுவுக்கும் இடையே சுழல்கிறது என்பதற்குச் சான்று இல்லை. அதற்குக் கியூலெக்ஸிலும் உள்ளூர்ப் பறவைகளிலும் தொடர்ந்து தேட வேண்டும்.

தமிழ்நாட்டுக்கு வருகிறேன். இங்கே இந்த வேலை புதிதல்ல. இந்தியாவில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் மனிதரில் முதலில் பதிவானது 1955-ல், வேலூரில். அதன் கொசு, நெல்வயலில் பெருகும் கியூலெக்ஸ் ட்ரைடீனியோரிங்கஸ். பறவைகளில் மடையானும் உண்ணிக்கொக்கும் அந்தச் சுழற்சியில் பங்கெடுப்பவை. பன்றி வைரஸைப் பெருக்குவது. மதுரையை மையமாகக்கொண்ட ஐ.சி.எம்.ஆர். பூச்சியியலாளர்கள் கடலூர்ப் பகுதியில் அந்தி சாய்ந்த பின் மாட்டுத்தொழுவத்தைச் சுற்றி டார்ச் விளக்கும் உறிஞ்சுகுழாயும் கொண்டு கொசு பிடித்து, 50 கொண்ட தொகுதிகளாகச் சோதித்த முறை, டிரை ஐஸ் கிடைக்காத ஊருக்கு இன்றும் பொருந்தும். எதிர்ப்பொருள் குழப்பம் மட்டும் இங்கே கூடுதல்: ஜப்பானிய மூளைக்காய்ச்சல், வெஸ்ட் நைல், பகாசா ஆகிய உறவுக்கார வைரஸ்கள் எல்லாம் நம் பக்கம் உண்டு. கேரளத்தில் கொசுவிலிருந்து 1996-ல் பகாசாவும், ஆலப்புழையில் 2011-ல் மனித நோயாளிகளிடமிருந்து வெஸ்ட் நைலும் கண்டறியப்பட்டிருக்கின்றன. ஏரிக் கொக்கின் சீரத்தை ஒரே ஒரு எலைசா கிட் வைத்துச் சோதித்துவிட்டு நோயின் பெயரை அறிவித்துவிடாதீர்கள்.

கல்லூரிக் குழு பறவையைப் பிடிக்க, ரத்தம் எடுக்கத் தலைமை வனஉயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும். வளையமிடப் பயிற்சி பெற்றவர் கூட இருக்க வேண்டும். அது கிடைக்கும்வரை சும்மா இருக்கத் தேவையில்லை. ஒரு ஏரியில், கொக்கு அடையும் மரத்தடியில் ஒன்று, வயலோரத்தில் ஒன்று, ஊருக்குள் ஒன்று என மூன்று பொறிகளை ஆகஸ்ட் முதல் ஜனவரி வரை வாரம் ஓரிரவு ஓடவிடுங்கள். இனவாரியாக எண்ணி, அன்றைய வெப்பம், மழை, வயலில் நீர் நின்ற நாள் எல்லாவற்றையும் எழுதுங்கள். கொசுவைத் தொகுதியாகப் போட்டு −80 டிகிரி உறைபெட்டி உள்ள ஒரு ஆய்வகத்தோடு முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டு அங்கே ஒப்படையுங்கள். கல்லூரி ஃபிரிட்ஜின் ஐஸ் பெட்டி மின்வெட்டில் உருகி உறைவது, அதை நம்ப வேண்டாம். கூட்டமாகக் காகமோ கொக்கோ செத்துக் கிடந்தால் தொடாமல் படமெடுத்து, இடத்தைக் குறித்து, கால்நடைத் துறைக்கும் வனத்துறைக்கும் அன்றே சொல்லுங்கள். மறுநாள் சொன்னால் அந்த உடலிலிருந்து அவர்களுக்குப் பெரும்பாலும் ஒன்றும் கிடைக்காது.